அன்னமேரி மேடமும் நாற்பத்தோராம் பக்கமும்

செய்தி வந்தபோது நான் ஆட்டோகிளேவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆய்வகத்தில் குடுவைகளையும் மண்ணையும் நீராவியில் அவித்துக் கிருமி நீக்குகிற பெரிய பாத்திரம் அது. அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. முள் ஏறும் நேரத்தில் யாரும் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது அன்னமேரி மேடம் போட்ட சட்டம். அதனால் போன் இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன். மணியாச்சியிலிருந்து அவருடைய தம்பி. "சார், அக்கா போயிட்டா" என்றார். காலை ஜெபம் முடித்துக் காபி டம்ளரைக் கையில் எடுத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான் "சரி" என்றேன். சாவுச் செய்திக்கு யாராவது சரி என்று சொல்வார்களா? சொன்னேன். முள் வந்து நின்றதும் நேரத்தை நோட்டில் குறித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மறுநாள் அடக்கம். மணியாச்சி தேவாலயத்துக்குக் கல்லூரியிலிருந்து இரண்டு வேன்களில் போனோம். நான் அழவில்லை. எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது, அது அழுகையை முந்திக்கொண்டது.

ஒரு வாரம் கழித்துக் கல்லூரி அரங்கில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். முதல்வர் நன்றாகப் பேசினார். மேடம் கண்டுபிடித்த பூஞ்சையைப் பற்றிச் சொன்னார். "அம்மையாரின் ஒரு சிறு கவனக்குறைவே அறிவியலுக்கு அதிர்ஷ்டமாக அமைந்தது" என்றார். கூட்டம் தலையாட்டியது. அடுத்துப் பேசக் கூப்பிட்டது என்னை, துறைத்தலைவர் என்ற முறையில். நான் மேடையேறி, அவருடைய ஒழுங்கைப் பற்றியும் நேரம் தவறாமையைப் பற்றியும் பேசிவிட்டு, "முதல்வர் சொன்னதைப் போல" என்றும் ஒரு தடவை சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தக் கவனக்குறைவு அவருடையது அல்ல. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த மேடையில் சொல்லாததை அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். இப்போதும் எழுதாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அன்னமேரி மேடத்தின் அப்பா ரயில்வேயில் கீமேன். தினமும் சுத்தியலோடு தண்டவாளத்தை நடந்தே பார்த்து, கழன்ற ஆணியை அடித்து இறுக்கி, நடந்த தூரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், ஆய்வக நோட்டில் ஏதோ தப்பாக எழுதிவிட்டு வெள்ளை மை பூசித் திருத்தினேன். மேடம் அந்த மை பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது வாசிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். எழுதியவர்தான் திருத்த வேண்டும், அடுத்தவர் தொடக்கூடாது. திருத்தத்தைச் சரிபார்த்து இன்னொருவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "எங்க அப்பா ஒண்ணுதான் சொல்லுவாவ சார். நடக்காத தண்டவாளத்த நடந்ததா எழுதாத, அடுத்த வண்டியில ஆளு வரும்" என்றார். எனக்கு அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளை மை பாட்டிலுக்கு இவ்வளவு பிரசங்கமா என்று நினைத்தேன்.

அவர் ஆராய்ந்தது மண்ணில் வாழும் பூஞ்சைகளை. சில பூஞ்சைகள் மருந்தாகக்கூடிய பொருள்களைத் தயாரிக்கின்றன. அதற்கு வேண்டிய மரபணுக்கள் ஒரே இடத்தில் கொத்தாக, வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த வரிசை முழுவதையும் எழுப்பவும் படுக்கவைக்கவும் ஒரு தலைமை மரபணு உண்டு. சிக்கல் என்னவென்றால், மண்ணில் மருந்து தயாரிக்கிற பூஞ்சை ஆய்வகத்துக்கு வந்து, நல்ல சாப்பாடும் சுத்தமான கண்ணாடிக் குடுவையும் கிடைத்ததும் அந்த வரிசையை மூடிவிடும். மரபணு இருக்கும், வேலை நடக்காது. "அதுகிட்ட இல்லாம இல்ல சார், வாய தொறக்க மாட்டேங்குது. எதக் கண்டா தொறக்கும்னு தெரியணும்" என்பார் மேடம். அவருடைய இருபது வருட உழைப்பும் அந்த ஒரு கேள்விதான்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வாழும் பூஞ்சைக்குக் கரிசலையே சாப்பாடாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒருநாள் சொன்னார். இடைசெவலில் எங்கள் அப்பா ஆட்டுக்கிடை போட்டிருந்த புஞ்சையில் மண் எடுக்கப் போனோம். கோடை வெடிப்பில் கையை விட்டு, ஆழத்திலிருந்து மண்ணை எடுத்துப் பைகளில் கட்டி எண் எழுதிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில், நிலம் வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்து வரப்பில் நாலு பேர் கூடிவிட்டார்கள். "சோலார்காரவியளா? ஏக்கர் என்ன வெலைக்குக் கேக்குதாவ?" என்று என் அப்பாவிடமே விசாரித்தார்கள். மேடம் நிமிர்ந்து, "ஒரு கிலோ போதும்ணாச்சி, மீதிய நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். அந்த ஒரு கிலோவிலிருந்து பிரித்த ஏழாவது பூஞ்சைக்குக் கிடை மண்ணை நினைத்து கி-7 என்று பெயர் வைத்தோம்.

கி-7ஐக் கரிசல் மண்ணும் கம்பும் கலந்த குடுவைகளில் வளர்ப்பது திட்டம். மண்ணை அவிப்பது லேசான காரியம் இல்லை. களிமண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியா வித்துகள் ஒரு தடவை அவித்தால் சாகாது. இன்று அவித்தால் மிச்சமிருப்பது நாளைக்கு முளைக்கும், அதை நாளைக்கு அவிக்க வேண்டும், அதற்கும் தப்பியதை மறுநாள். ஆகவே அடுத்தடுத்து மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். அந்தச் சமயம் பார்த்து ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டது. புது வளையம் வர மாதமாகும் என்றார்கள். எங்கள் வீட்டில் பத்து லிட்டர் பிரஷர் குக்கர் இருக்கிறது, நான் வீட்டில் அவித்துக் கொண்டுவருகிறேன் என்று வீரமாகச் சொன்னேன். வீட்டில் என் மனைவி செல்வி குடுவைகளைப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஆட்டுப் புழுக்க கெடந்த மண்ண அவிச்ச குக்கர்ல நான் பருப்பு வைக்கணுமாக்கும்?" என்றாள். அவளைச் சமாதானப்படுத்தவே ஒரு சாயங்காலம் போய்விட்டது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முதல் நாள் அவித்தேன். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன், பருப்புக்கு அணைப்பதைப் போல. ஒரு மணி நேரம் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் ஊரில் அம்மன் கொடை, கோயில் திருவிழா. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சமைக்க அந்தப் பெரிய குக்கர் வேண்டும் என்று செல்வி அதையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் போனேன். கொடை முடிந்து திரும்பிவந்து, குடுவைகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், ஆய்வக நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "மண் மூன்று நாள் அவிக்கப்பட்டது. தினமும் ஒரு மணி நேரம்." மேடம் வந்தார். பக்கத்தைப் பார்த்தார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நீங்க எழுதுனா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார்.

கி-7ஐ விதைத்த ஐந்தாம் நாள் குடுவைகளின் அடியில் மஞ்சள் இறங்கியிருந்தது. அதுவரை கி-7 அப்படி ஒரு நிறத்தைக் காட்டியதே இல்லை. வடித்து, வடிகட்டி, புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் கிருமியைப் பரப்பிய தட்டில் ஒரு சொட்டு வைத்தார் மேடம். மறுநாள் காலை சொட்டைச் சுற்றி வட்டமாகக் கிருமி செத்துப் போயிருந்தது. அன்றைக்கு அவர் துறையில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. இவ்வளவு பெரிய வேலையில் என் கையும் இருக்கிறது என்று நானும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

மேடம் இதை வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் வாசித்தார். பெரிய ஆய்வகம் ஒன்றிலிருந்து பூஞ்சையைக் கேட்டார்கள். அவர் கி-7ஐ நன்றாகச் சுத்தப்படுத்தி, வேறு எந்தக் கிருமியும் ஒட்டாதபடி பிரித்து அனுப்பினார். ஆறு வாரம் கழித்து அங்கிருந்து கல்லூரி முதல்வருக்குக் கடிதம் வந்தது. எத்தனை முறை வளர்த்தும் மஞ்சளும் இல்லை, மருந்தும் இல்லை. வாசித்த முடிவுகள் உண்மையில் நடந்த சோதனையின் முடிவுகள்தானா என்று நாசூக்காகக் கேட்டிருந்தார்கள். நாசூக்காகக் கேட்டாலும் அதன் பெயர் பித்தலாட்டம்தான். இதற்குள் எங்கள் ஆட்டோகிளேவுக்குப் புது வளையம் வந்திருந்தது. மேடம் தன் கையாலேயே மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் மண்ணை அவித்து, கி-7ஐ மறுபடி வளர்த்தார். குடுவை வெளுத்தே கிடந்தது. எங்கள் கையிலும் வரவில்லை.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. ஆய்வக நோட்டுகளை எல்லாம் மேசையில் அடுக்கச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, நாற்பத்தொன்றில் விரலை வைத்தார். இந்த மண்ணை அவித்தது யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். ஆட்டோகிளேவ் வேலை செய்யாத மாதம் ஆயிற்றே என்றார். வீட்டுக் குக்கரில் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"மூன்று நாளும் அவித்தீர்களா?"

"ஆமா சார்."

மேடம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அப்படிச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்ததைப் பார்த்தேன். தனக்கென்று ஒரு சாட்சி இருக்கிறான் என்ற தெம்பு. அந்த முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் தகுதிகாண் காலம் முடிந்து, வேலை நிரந்தரமாக வேண்டிய கோப்பு முதல்வர் மேசையில் இருந்தது. அது உண்மை. நோட்டில் ஒரு வரி பொய் என்று தெரிந்தால் நோட்டு முழுவதும் பொய் என்று மேடத்தைத் தீர்த்துக்கட்டிவிடுவார்கள், ஆகவே அவரைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்றும் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மண் சரியாக அவியாததால் சோதனை கெடலாமே தவிர, அதனால் மருந்து வந்திருக்க முடியுமா, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றும் சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையே இல்லை என்று பிறகு தெரிந்தது. மொத்தத்தில் பயம். அதற்கு மேல் அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை.

குழு நான்கு மாதம் கொடுத்தது. அதற்குள் மறுபடி செய்துகாட்ட வேண்டும். இல்லாவிட்டால் முடிவுகளைத் திரும்பப் பெற வேண்டும், மாணவர்களுக்கு ஆய்வு வழிகாட்டியாக இருக்கும் தகுதியும் போகும். தகுதி போவதைவிட, பொய்க்காரி என்ற பெயரோடு மணியாச்சி ரயிலில் தினமும் வந்துபோக வேண்டுமே என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஆசிரியர் அறையில் டீ நேரத்தில் அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. "என்ன மேடம், மஞ்சள் வந்துட்டா?" என்று ஒருவர் தினமும் கேட்பார். அவர் தினமும் "இன்னும் இல்ல சார்" என்று ஒரே குரலில் பதில் சொல்வார். சூட்டை மாற்றினார், வெளிச்சத்தை மாற்றினார், புது மண் எடுத்தார், சேமித்துவைத்திருந்த சுத்தமான கி-7இலிருந்து புதிதாகத் தொடங்கினார். மதுரையில் தெரிந்தவர்களிடம் மரபணுவைச் சோதிக்கக் கொடுத்தார். கொத்து முழுசாக இருக்கிறது, ஆனால் அதிலிருந்து ஒரு வரிகூட வாசிக்கப்படவில்லை, தலைமை மரபணு தூங்குகிறது என்று பதில் வந்தது. அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "அன்னைக்கு என்னத்தையோ கண்டு முழிச்சிருக்கு சார். அன்னைக்கு என்ன இருந்துச்சு, இப்ப என்ன இல்ல?" என்றார். நான் தாளை வாசிப்பவனைப் போலக் குனிந்துகொண்டேன்.

மூன்று மாதம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் ஒயர் கூடையோடு. முன்பின் சொல்லாமல் வருகிற ஆள் இல்லை. செல்வி காபி போட்டாள். மேடம் அவளிடம்தான் பேசினார். கம்பு அதே கம்பு, மண் அதே மண், பூஞ்சை அதே பூஞ்சை, அவித்த பாத்திரம் மட்டும்தான் வேறு, அந்தக் குக்கரை ஒரு வாரம் தர முடியுமா என்று கேட்டார். அலுமினியத்திலிருந்து ஏதாவது இறங்கியிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"தாராளமா கொண்டு போங்க மேடம்" என்றாள் செல்வி. "ஆனா கொடைக்கு முந்தி தந்துருங்க, எங்க அத்த வைவாவ. போன தடவயும் இவிய மண்ண அவிச்ச மறுநாளே ஊருக்குக் கொண்டு போயிட்டோம். நாலு நாளு குக்கர் அங்கனதான் கெடந்துச்சு."

மேடம் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "மறுநாளேவா?" என்றார்.

"ஆமா, விடியக்காலம் பஸ்ல."

மேடம் என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குப் போடுகிறவரின் முகம்தான் இருந்தது. "எத்தன விசில் சார்?" என்று கேட்டார்.

"மூணு" என்றேன்.

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். மேடம் காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். குக்கரை ஒயர் கூடைக்குள் இறக்கினார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். பஸ் வந்ததும் கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நாளைக்கு சீக்கிரம் வாங்க. அன்னைக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே எனக்குச் செஞ்சு காட்டணும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஆய்வகத்தில் அவர் முன்னால் மண்ணை அவித்தேன். மூன்று விசில். அணைத்தேன். நாலு நாள் குடுவைகளைச் சும்மா வைத்தோம், நான் கொடைக்குப் போயிருந்த நாள்களுக்குப் பதிலாக. பிறகு கி-7ஐ விதைத்தார் மேடம். அந்த ஐந்து நாளில் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் எனக்கு ஞாபகம் இல்லை. மஞ்சள் வராவிட்டால் அவர் கதை முடிந்தது. வந்துவிட்டால் என் கதை. இரண்டில் எது நடக்க வேண்டும் என்று வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.

ஐந்தாம் நாள் காலையில் நான் உள்ளே நுழைந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து குடுவையை மடியில் வைத்திருந்தார். அடியில் மஞ்சள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை, கண்ணில்தான்.

குடுவையில் கி-7 மட்டும் இல்லை. மூன்று விசிலுக்குத் தப்பிய கரிசல் பாக்டீரியா ஒன்றும் கூடவே முளைத்திருந்தது. அது பக்கத்தில் வந்து உரசும்போதுதான் பூஞ்சையின் தலைமை மரபணு விழிக்கிறது, வரிசை திறக்கிறது, மருந்து வருகிறது. நாங்கள் சுத்தம் செய்யச் செய்ய அது வாய் மூடிக்கொண்டதற்கு இதுதான் காரணம். மேடம் அதோடு விடவில்லை. மருந்தை அந்தப் பாக்டீரியாவே தயாரித்திருந்தால்? பாக்டீரியாவைத் தனியாக வளர்த்தார், ஒன்றும் இல்லை. பூஞ்சை தனியாக, ஒன்றும் இல்லை. செத்த பாக்டீரியாவைச் சேர்த்தார், ஒன்றும் இல்லை. உயிருள்ளதைச் சேர்த்தார், மஞ்சள். மதுரைக்காரர்கள் மரபணுவை மறுபடி சோதித்தார்கள். இரண்டும் சேர்ந்திருக்கும்போது மட்டும் பூஞ்சையின் கொத்து வாசிக்கப்பட்டிருந்தது. நான்கு மாதம் முடிய மூன்று நாள் இருந்தது.

குழுவின் முன் போவதற்கு முந்தைய நாள், நான் அவரிடம் போய், நானும் வந்து உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கேட்ட விதத்திலேயே, வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தது. அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"தப்பு வேற, பொய் வேற சார். மூணு விசில்ல அணைச்சது தப்பு. அதனாலதான் இந்த மஞ்சள் வந்துருக்கு, அதுக்கு நான் உங்களக் கும்பிடணும். நோட்டுல எழுதுனது பொய். அதனால ஒண்ணும் வரல, எனக்கு நாலு மாசம் போச்சு. வாரதும் வராததும் உங்க இஷ்டம்."

நான் போகவில்லை.

குழு முன்னால் அவர் என்ன சொன்னார் என்று பிறகு முதல்வரே எனக்குச் சொன்னார். மண் ஒரு நாள்தான் அவிந்தது, நோட்டில் மூன்று நாள் என்று இருக்கிறது, பார்க்காமலே சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்று மேடம் சொல்லியிருக்கிறார். எழுதியவரிடம் கேட்கலாமே என்று வெளியூர்ப் பேராசிரியர் சொன்னதற்கு, "எழுதுனவரே திருத்துவாரு சார். அடுத்தவங்க வரிய நான் திருத்தக்கூடாது, அது நோட்டு முறை" என்றாராம். முடிவுகள் உண்மை என்று குழு ஒப்புக்கொண்டது. பித்தலாட்டம் என்ற பேச்சு அன்றோடு போயிற்று, என்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க யாரும் மெனக்கெடவில்லை. ஆனால் அவருடைய பணிப்பதிவேட்டில் "மேற்பார்வையில் கவனக்குறைவு" என்று ஒரு வரி ஏறியது. கல்லூரிக்கும் அது வசதியாக இருந்தது. கடிதம் எழுதிய பெரிய ஆய்வகத்துக்குப் பதில் சொல்ல யாராவது ஒருவர் கொஞ்சமாவது தப்பு செய்திருக்க வேண்டுமே.

நான் நன்றி சொல்லப் போனேன். "நான் உங்களக் காப்பாத்தல. நீங்க எழுதுனத நீங்கதான் திருத்தணும்னு விட்டுவச்சிருக்கேன்" என்றார். நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். நோட்டைத் திருத்தினால் கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த வருடம் போகட்டும் என்று நினைத்தேன். அடுத்த வருடமும் அப்படியே நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்துத் துறைத்தலைவர் பதவி காலியானது. பணிமூப்பில் அவருக்குத்தான் வர வேண்டும். பதிவேட்டில் அந்த ஒரு வரி இருந்ததால் அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போனது. அடுத்தவன் நான். நாற்காலியில் நான் உட்கார்ந்த அன்று அவர்தான் முதலில் வந்து கை கொடுத்தார், கடலை மிட்டாயும் கொண்டுவந்தார். நான் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். செல்வியிடம் குக்கரைப் பற்றிக் கேலி பேசுவார். என்னோடு மண் எடுக்க வருவார். என் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பார். நாற்காலியைப் பற்றியோ நாற்பத்தோராம் பக்கத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் பழைய நோட்டுகளைக் கட்டிப் பரணில் போடும்போது அந்த ஒன்றை மட்டும் போட விடமாட்டார். "அதுல வேல பாக்கி இருக்கு" என்பார். நான் வேறு எதையாவது தேடுவதைப் போலத் திரும்பிக்கொள்வேன்.

இரங்கல் கூட்டம் முடிந்த அன்று மதியம் ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். நோட்டு முன்வரிசையிலேயே இருந்தது, தூசி இல்லாமல். நாற்பத்தோராம் பக்கத்தைத் திறக்க தாள்களைப் புரட்ட வேண்டிய வேலையே இல்லை, அங்கேயே விரிந்தது. எட்டு வருடமாக நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. என் வரிக்குப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால், அவருடைய சின்ன எழுத்தில் "திருத்தம்" என்று எழுதி ஒரு கோடு இழுத்திருந்தார். கோட்டின் மேல் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே "சரிபார்த்தவர்" என்று எழுதி இன்னொரு கோடு. அதுவும் காலி. எனக்கு இடம் விட்டுவைத்து, எனக்குப் பின்னால் தான் போட வேண்டிய கையெழுத்துக்கும் இடம் விட்டுவைத்திருந்தார். அங்கேதான் அழுதேன்.

பிறகு பேனாவை எடுத்து, என் வரியின் மேல் அடியிலிருப்பது வாசிக்கும்படி ஒரே ஒரு கோடு போட்டேன். அவர் விட்டுவைத்த இடத்தில் எழுதினேன்: "மண் அவித்தது ஒரு நாள் மட்டும். மூன்று விசில். மற்ற இரண்டு நாளும் அவிக்கவில்லை." தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்தின் நகலையும், பதிவேட்டில் மேடத்தின் பெயருக்கு எதிரே இருக்கும் வரியை நீக்கிவிட்டு என் பெயருக்கு எதிரே ஏற்றும்படி ஒரு கடிதத்தையும் முதல்வரிடம் கொடுத்துவிட்டேன். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. செய்யட்டும்.

மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த நோட்டில் இருக்கும் ஒரு காலிக் கோட்டைத்தான். திருத்தம் என்றால் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது அவர் போட்ட முறை. ஒன்றுதான் இருக்கிறது. துறையில் ஒருவர் நல்லெண்ணத்தில், நான் போடட்டுமா சார் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எட்டு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கையெழுத்தைப் போட மேடம் தயாராகத்தான் இருந்தார்.